மார்பகப் புற்றுநோய்: குடும்பத்தில் எண்ணிய கணக்கு ஊருக்குப் பொருந்துமா?

மார்பகப் புற்றுநோய் யாருக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய உதவும் குறிகாட்டிகள் இரு வகைப்படும். கருவிலேயே அமைந்துவிடும் மரபணு மாறுபாடுகள் ஒரு வகை. வாழ்நாளில் ஏறி இறங்கும் ஹார்மோன் அளவு, மார்பகத் திசுவின் அடர்த்தி போன்றவை மறு வகை. மரபணுவைத் தேடிய ஆய்வே பெரும் புகழ் பெற்றது. மிகப் பெரிய குழப்பமும் அங்கேதான் விளைந்தது.

1990இல் அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங், பலருக்கு இந்நோய் கண்ட 23 குடும்பங்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தார். குடும்பங்களை நோய் கண்ட வயதின்படி அவர் வரிசைப்படுத்தியதுதான் திறவுகோல். இளம் வயதில் நோய் வந்த குடும்பங்களில் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது; முதிய வயதில் வந்த குடும்பங்களில் தெரியவில்லை. பிஆர்சிஏ-1 எனப்படும் அம்மரபணு 1994இல் பிரித்தெடுக்கப்பட்டது. 13ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ-2 அடுத்த ஆண்டு கிடைத்தது. முறிந்த டிஎன்ஏ இழைகளைப் பழுதுபார்க்கும் புரதங்களுக்கான செய்தி இவ்விரண்டிலும் உள்ளது. அந்தப் பழுதுபார்ப்பு நின்றுபோன செல்களைக் குறிவைக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகள் பின்னர் வந்தன. காரணத்தைக் காட்டி, சிகிச்சைக்கும் வழி திறந்தது இக்குறிகாட்டியின் மறுக்க முடியாத பலம்.

இம்மரபணுக்களில் பிறழ்வு உள்ள பெண்ணுக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு வந்த விடைகள்தான் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1994இல் 33 குடும்பங்களை வைத்துச் செய்த கணக்கு, பிஆர்சிஏ-1 பிறழ்வு உள்ளவருக்கு 70 வயதுக்குள் 87 விழுக்காடு என்றது. 1997இல் வாஷிங்டன் பகுதியில் 5,000க்கும் மேற்பட்ட அஷ்கெனாசி யூதர்களைச் சோதித்த ஆய்வு, அச்சமூகத்தில் அடிக்கடி காணப்படும் மூன்று பிஆர்சிஏ பிறழ்வுகளுக்கும் சேர்த்து 56 விழுக்காடு என்றது. இரண்டிலும் கணிதப் பிழை இல்லை. எண்ணப்பட்ட ஆட்கள்தான் வேறு. முதல் ஆய்வுக்குள் ஒரு குடும்பம் நுழைவதற்கான தகுதியே அங்கே பலருக்கு நோய் இருப்பதுதான். பிறழ்வு இருந்தும் நோயின்றி வாழ்ந்து முடித்தவர்கள் நிறைந்த குடும்பம் அந்த வலையில் சிக்கவே சிக்காது. மேலும், அத்தகைய குடும்பத்தினர் வேறு மரபணுக்களையும் ஒரே வாழ்க்கைச் சூழலையும் பகிர்கின்றனர். அவற்றின் பங்கும் பிஆர்சிஏ கணக்கில் ஏறிவிடுகிறது.

2013இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி தம் மார்பகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்டதை எழுதியபோது, மருத்துவர்கள் தமக்குச் சொன்ன ஆபத்து 87 விழுக்காடு என்றார். அவருடைய தாய் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர். வலுவான குடும்ப வரலாறு உள்ள ஒருவருக்கு உயர்ந்த மதிப்பீடு பொருந்தலாம். ஆனால் கட்டுரையைப் படித்தவர்கள் மனத்தில் அது பிறழ்வின் நிலையான விலையாகப் பதிந்துபோனது. 2017இல் வெளியான, பிறழ்வு உள்ள ஏறத்தாழ 10,000 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வே நம்பத்தக்க அளவுகோல். 80 வயதுக்குள் பிஆர்சிஏ-1க்கு 72, பிஆர்சிஏ-2க்கு 69 விழுக்காடு என்று கண்ட அதே ஆய்வு, நெருங்கிய உறவினரில் எத்தனை பேருக்கு நோய் உள்ளது, மரபணுவின் எந்த இடத்தில் பிறழ்வு உள்ளது என்பவற்றைப் பொறுத்து ஆபத்து மாறுவதையும் காட்டியது. ஆகவே ஒற்றை எண்ணைச் சொல்லி ஒரு பெண்ணை அறுவை மேசைக்கு அனுப்புவது ஆய்வையே தவறாகப் படிப்பதாகும்.

சோதனை முடிவில் வரும் 'பொருள் தெளிவற்ற மாறுபாடு' என்ற சொற்றொடரும் தொல்லை தருவது. மாறுபாடு இருக்கிறது, தீங்கா இல்லையா என்று தெரியவில்லை. ஐரோப்பிய வம்சாவளி அல்லாத பெண்களுக்கு இந்த விடை அதிகம் வருகிறது. ஒப்பிடுவதற்கான தரவு அவர்களிடமிருந்து குறைவாகவே திரட்டப்பட்டிருப்பதே காரணம். இதை வணிகமும் மோசமாக்கியது. பிஆர்சிஏ காப்புரிமைகளை வைத்திருந்த மிரியட் ஜெனெடிக்ஸ் நிறுவனம், 2004இலிருந்து தன் மாறுபாட்டுத் தரவுகளைப் பொதுத் தொகுப்புக்கு அளிப்பதை நிறுத்தியது. இயற்கையான டிஎன்ஏவுக்குக் காப்புரிமை இல்லை என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிறந்த அறிவு அத்தனை ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது பெரும் அநீதி.

பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்க்கும் சோதனைகளிலும் கவனம் தேவை. 1,13,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் 34 மரபணுக்களை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2, பால்பி-2, செக்-2, ஏடிஎம் ஆகிய ஐந்துக்கே உறுதியான சான்று கிடைத்தது.

பெரும்பாலான நோயாளிகளிடம் இத்தகைய அரிய பிறழ்வு எதுவும் இல்லை. அவர்களுக்காக வந்ததே பன்மரபணு மதிப்பெண். தனித்தனியே அற்பமான விளைவுடைய நூற்றுக்கணக்கான மாறுபாடுகளைக் கூட்டிப் பெறும் எண் அது. 2019இல் வெளியான 313 மாறுபாடுகளின் மதிப்பெண் நன்கு சோதிக்கப்பட்டது. நோயுற்ற ஒருவரையும் நோயற்ற ஒருவரையும் குலுக்கி எடுத்தால், 100 முறையில் ஏறத்தாழ 63 முறை நோயுற்றவருக்கே அது கூடுதல் மதிப்பெண் தரும். நாணயத்தைச் சுண்டினாலே 50 முறை சரியாகும். இத்தகைய எண் ஒரு நாட்டின் பரிசோதனைத் திட்டத்தை வகுக்க உதவும். தனி ஒருத்தியின் வருங்காலத்தைச் சொல்லாது. ஐரோப்பியப் பெண்களின் தரவில் பிறந்த இந்த மதிப்பெண்ணை மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் சீன, மலாய், இந்தியப் பெண்களிடமும் சோதித்து, பயன் உண்டு என்று கண்டுள்ளனர். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் அதன் திறன் குறைகிறது.

உடல்சார் குறிகாட்டிகளில் மார்பக அடர்த்தியே வலுவானது. மேமோகிராம் படத்தில் முக்கால் பங்குக்கு மேல் அடர்ந்த திசு உள்ளவருக்கு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளவரைவிட ஆபத்து நான்கு மடங்குக்கு மேல். தனி இரத்தச் சோதனை வேண்டாம். எடுத்த படத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அடர்ந்த திசுவும் கட்டியும் படத்தில் ஒன்றுபோல் வெண்மையாகத் தெரிவதால், இருக்கும் கட்டியே மறைந்துபோகலாம். எனவே பின்னாளில் 'புதிதாக' வந்ததாக எண்ணப்படும் கட்டிகளில் சில, முதல் படத்தின்போதே ஒளிந்திருந்தவை. மாதவிடாய் நின்ற பெண்களில் ஈஸ்ட்ராடியால் மிகுந்தோருக்கு, மிகக் குறைந்தோரைவிட ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. ஆயினும் அந்த வயதில் அதன் அளவு மிகச் சிறிது. ஒருமுறை எடுத்த இரத்தத்தை வைத்துத் தனிநபருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

குடும்பத்தில் இளம் வயதிலோ பலருக்கோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் கண்டிருந்தால், மரபியல் ஆலோசனையுடன் பிஆர்சிஏ சோதனை செய்துகொள்வது முற்றிலும் தகும். மற்றவர்களுக்குப் பன்மரபணு மதிப்பெண்ணை மட்டும் நம்பி அறுவையோ மருந்தோ பரிந்துரைக்க இன்று போதிய சான்று இல்லை. மதிப்பெண் குறைவு என்பதற்காக வழக்கமான பரிசோதனையைக் கைவிடவும் கூடாது. மார்பகப் புற்றுநோய் கண்ட ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்குத் தாய், சகோதரி, மகள் எவரிடமும் அந்நோய் இருந்ததில்லை.