படம் தெரிகிறது, குரல் எங்கே?

தானே புயலைக் கடலூர் மாவட்டத்தார் எளிதில் மறக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் அது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. அந்த அழிவைப் பலர் தம் கைப்பேசிகளில் படம் பிடித்து வைத்தார்கள். அவற்றைத் தொகுத்து ஒரு குறும்படமாக்க என் மாணவர்கள் சிலர் அண்மையில் முயன்றார்கள். செம்மண்டலத்தில், ஒரு மாணவர் வீட்டுக் கணிப்பொறியில் வேலை நடந்தது.

ஒரு மாணவி கொண்டுவந்த படத்தில் அவளுடைய தாத்தா, விழுந்து கிடக்கும் பலா மரங்களைக் காட்டி, ஒவ்வொன்றின் வயதையும் சொல்லிக்கொண்டே நடக்கிறார். அவர் இன்று உயிருடன் இல்லை. தொகுப்பு மென்பொருளில் ஏற்றியபோது அவர் உருவம் வந்தது; குரல் வரவில்லை. வேறு இரண்டு கோப்புகளையோ, ‘இவ்வகைக் கோப்பு ஏற்கப்படாது’ என்று அம்மென்பொருள் ஒரே வரியில் தள்ளிவிட்டது. “படம் பார்க்கும் மென்பொருளில் நன்றாகப் பேசுகிறாரே, இங்கே மட்டும் ஏன் சார் ஊமையாகிவிட்டார்?” என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி.

எம்பி4, ஏவிஐ, 3ஜிபி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் வெறும் பாத்திரத்தின் பெயரே. டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் படம், மற்றோர் அடுக்கில் ஒலி. வெளியே பார்த்து உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியுமா? ஒரே எம்பி4 பாத்திரத்தில் எச்.264 முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம், எச்.265 முறையில் சுருக்கியதும் இருக்கலாம்.

ஏன் சுருக்க வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட்டுகள், வினாடிக்கு 25 படங்கள் என்றால், ஒரு வினாடிக்கே ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் ஆகின்றன. ஒரு மணி நேரப் படம் சுமார் 560 கிகாபைட் இடத்தைக் கேட்கும். ஆகவே ஒரு படத்தை முழுமையாகவும், தொடர்ந்து வருவனவற்றை முந்தைய படத்திலிருந்து மாறிய அளவை மட்டும் குறித்தும் சேமிக்கிறார்கள். பார்ப்பவருக்கு இதனால் இடையூறில்லை. வரிசையாக ஓட்டினால் போதும். தொகுப்பவரோ நடுவில் வெட்ட வேண்டியவர். வெட்டும் இடத்துப் படத்தை உருவாக்க, மென்பொருள் பின்னோக்கிச் சென்று ஒரு முழுப்படத்திலிருந்து தொடங்க வேண்டும். தொகுப்பு மென்பொருள் படம் காட்டும் மென்பொருளைவிடத் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

தாத்தாவின் குரல் ஏஎம்ஆர் என்னும் முறையில் இருந்தது. தொலைபேசிப் பேச்சுக்காக அமைந்த இம்முறையில் ஒலி வினாடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது. அதனை விரித்துப் படிக்கும் பகுதி எங்கள் தொகுப்பு மென்பொருளில் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

என் குறை இங்கேதான். ‘படம் சரி, ஒலியைப் படிக்க எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல மென்பொருளுக்கு ஒரு வரி போதும். சொல்லாததால், கோப்பே கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை அழித்துவிடுவோரும் உண்டு. கெட்ட கோப்புக்கும் புரியாத கோப்புக்கும் வேறுபாடு காட்டாத கருவியை நல்ல கருவி என்று எப்படிச் சொல்வது? அளவுகோலின் எல்லையைக் கூறாமல் அளவு தரும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லையே!

ஆக்குவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. பல சுருக்க முறைகள் காப்புரிமைக்கு உட்பட்டவை. 2013-இல் தரமாக்கப்பட்ட எச்.265 முறைக்கு உரிமம் பெற ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களை அணுக வேண்டியிருந்தது. எனவே இலவச மென்பொருள்கள் சில முறைகளைச் சேர்க்கத் தயங்குகின்றன. ஆக, தடை எப்போதும் அறிவியலில் இல்லை. பல வேளைகளில் உரிமத்தில் இருக்கிறது. உரிமக் கட்டணம் வேண்டாத முறையாக 2018-இல் ஏவி1 வெளியிடப்பட்டதற்கு இதுவே பின்னணி. காரணம் உரிமமே ஆனாலும், அதனை மறைக்காமல் பயனாளருக்குச் சொல்வதில் செலவொன்றும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? முதலில், மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். அடுத்து, மீடியாஇன்ஃபோ போன்ற இலவசக் கருவியால் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாத்திரம் மட்டும் பொருந்தவில்லையென்றால், உள்ளிருப்பதைத் தொடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம், தரம் குறையாது. சுருக்க முறையே பொருந்தவில்லையென்றால் மட்டும் மறுபடி சுருக்குங்கள். ஒவ்வொரு முறை அவ்வாறு சுருக்கும்போதும் நுணுக்கங்கள் சிறிது இழக்கப்படும்; நகலுக்கு நகல் எடுப்பது போல.

2000-ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவி இவை அனைத்தையும் செய்யவல்லது. அதனைக் கொண்டு ஒலியை மட்டும் சுருக்கமில்லாத வேவ் வடிவுக்கு மாற்றினோம். சில வினாடி வேலை. படத்தோடு சேர்த்து ஓட்டினோம். “இது எங்கப்பா வெச்ச மரம்” என்று அந்த முதியவரின் குரல் அறையில் ஒலித்தபோது, ஒருவரும் பேசவில்லை.

உங்கள் வீட்டுப் பழைய கைப்பேசியிலும் இப்படி ஒரு குரல் அடைந்து கிடக்கலாம். ‘ஏற்கப்படாது’ என்ற ஒரு வரியை நம்பி அதனைக் கைவிட்டுவிடாதீர்கள்.