பெயர் பட்டியலில் இல்லைன்னா என்ன பண்ணும்? – எலிக்சரின் ‘மேப்’ தொகுப்பு, ஒரு விமர்சனம்

கணினிக் கழகத்தில் பைத்தான் சொல்லிக்கொடுத்து முடித்த ஆசிரியர்கள் அடுத்ததாக ஒரு ஃபங்ஷனல் நிரல்மொழியைத் தொட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பது இயல்பு. அப்படித் தேடுபவர்களின் கண்ணில் படும் மொழிகளில் ஒன்று எலிக்சர். பிரேசிலைச் சேர்ந்த ஜோஸே வாலிம் உருவாக்கியது, 1.0 பதிப்பு 2014-இல் வந்தது. எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங் மொழியின் மெய்நிகர் இயந்திரத்தின் மேல்தான் இது ஓடுகிறது. மொழி முழுவதையும் இங்கே அலசப் போவதில்லை. ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படும் ‘மேப்’ தொகுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலும் ஒரே ஒரு வேலை: நிபந்தனையோடு ஒரு மதிப்பை மாற்றுவது.

மேப் என்பது சாவியும் மதிப்பும் சேர்ந்த பதிவேடு. பைத்தானில் டிக்‌ஷனரி என்போமே, அதுதான். நம்ம வகுப்பு வாசிப்புப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் பெயர் சாவி, படித்த புத்தகங்களின் எண்ணிக்கை மதிப்பு. கவின் 4, யாழினி 7. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எலிக்சரில் பழைய பதிவேட்டை அழித்து எழுத முடியாது. எந்த மாற்றம் செய்தாலும் திருத்திய புதுப் பதிவேடு ஒன்று கைக்கு வரும். பழையது அப்படியே இருக்கும். இது மாணவர்களுக்கு நல்ல பழக்கம். ஒரு மதிப்பு எங்கே மாறியது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, யாழினி இன்னொரு புத்தகம் படித்துவிட்டாள். 7-ஐ 8 ஆக்க வேண்டும். சுலபம். ஆனால் பெயர் பட்டியலில் இல்லாத பிள்ளை புத்தகத்தோடு வந்தால்? புதிதாகச் சேர்ப்பதா, சும்மா விடுவதா, ‘இப்படி ஒருத்தர் இல்லையே’ என்று கத்துவதா? நிபந்தனையோடு மாற்றும் வேலையில் உண்மையான கேள்வி இதுதான்.

எலிக்சர் இந்தக் கேள்வியை மறைப்பதில்லை. அதற்குப் பாராட்டு. ‘புட்’ எப்போதும் எழுதும். ‘புட்_நியூ’ பெயர் இல்லாவிட்டால் மட்டும் எழுதும். ‘ரிப்ளேஸ்’ பெயர் இருந்தால் மட்டும் எழுதும், இல்லாவிட்டால் பதிவேட்டை மாற்றாமல் திருப்பிக் கொடுக்கும். இதே பெயரின் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால், பெயர் இல்லாதபோது பிழை காட்டி நின்றுவிடும். மூன்று முடிவுக்கும் மூன்று கருவி. ஆச்சரியக்குறி என்றால் ‘கத்தும்’ என்று பிள்ளைகளிடம் சொன்னால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

சிக்கல் ‘அப்டேட்’டில் தொடங்குகிறது. அதற்கு நான்கு விஷயம் கொடுக்க வேண்டும்: பதிவேடு, பெயர், ஒரு தொடக்க மதிப்பு, பழைய மதிப்பை மாற்றும் ஃபங்ஷன். பெயர் இருந்தால் ஃபங்ஷன் வேலை செய்யும். இல்லாவிட்டால் தொடக்க மதிப்பு அப்படியே பதிவாகும். ஃபங்ஷன் அதைத் தொடாது. ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் பைத்தானில் ‘இருந்தால் எடு, இல்லாவிட்டால் 0, பிறகு 1 கூட்டு’ என்று பழகியவர், இங்கேயும் தொடக்க மதிப்பாக 0 போட்டு, 1 கூட்டும் ஃபங்ஷனைக் கொடுப்பார். வேறு பள்ளியிலிருந்து மாறிவந்த மதி முதல் புத்தகத்தோடு வருகிறான். பதிவில் விழுவது 0. இரண்டாவது புத்தகத்துக்கு 1. ஆண்டு முழுக்க அவன் கணக்கில் ஒரு புத்தகம் குறைவு. பிழைச் செய்தி எதுவும் வராது. கவினுக்கும் யாழினிக்கும் கணக்கு சரியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. ஆண்டு இறுதிப் பரிசு ஒரு புத்தக வித்தியாசத்தில் கைமாறினால், அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வது? இங்கே தொடக்க மதிப்பு 1-ஆக இருக்க வேண்டும்.

இந்த வடிவமைப்பே தவறு என்று சொல்லிவிட முடியாது. தேர்வில் இதுவரை எடுத்த அதிகபட்ச மதிப்பெண்ணை மட்டும் வைத்திருக்கும் பதிவேடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தொடக்க மதிப்பு புதிய மதிப்பெண்; ஃபங்ஷன் பழையது, புதியது இரண்டில் பெரியதை எடுக்கும். முதல்முறை எழுதுபவருக்கு ஒப்பிட எதுவுமே இல்லை. அதனால் ஃபங்ஷனைத் தாண்டிப் போவதுதான் சரி. ஒரே வரியில் அழகாக முடிகிறது. ஆக, குறை செயலில் இல்லை. அந்த மூன்றாவது மதிப்பு என்ன என்பதை நாம் விளங்கிக்கொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது. ‘இல்லாதபோது எதிலிருந்து தொடங்குவது’ என்று அதை நினைக்கக்கூடாது; ‘இல்லாதபோது என்ன விடை’ என்றுதான் நினைக்க வேண்டும். மாணவர்களிடமும் இப்படியே சொல்லுங்கள்.

பெயர் வைத்ததைப் பற்றி எனக்குப் பெரிய குறை உண்டு. பெயர் இருந்தால் ஃபங்ஷனால் மாற்று, இல்லாவிட்டால் சும்மா விடு – இது அடிக்கடி தேவைப்படும் வேலை. 2022-இல் வந்த 1.14 பதிப்பில்தான் இதற்கு நேரான கருவி கிடைத்தது. அதன் பெயர் ‘ரிப்ளேஸ்_லேஸி’! மதிப்பைக் கணக்கிடும் வேலையைத் தள்ளிப்போடுவதால் அப்படி ஒரு பெயர். உள்ளே நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், பயன்படுத்துகிறவரின் தேவையைப் பார்த்து அல்ல. ‘அப்டேட்’ குடும்பத்தில் தேடுகிற மாணவர் இதைக் கண்டுபிடிப்பாரா? சந்தேகம்தான்.

மற்ற மொழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். ‘அப்டேட்’ என்ற ஒரே சொல், பெயர் இல்லாதபோது எர்லாங்கில் பிழை காட்டும்; குளோஜரில் ‘ஒன்றுமில்லை’ என்பதையே ஃபங்ஷனிடம் கொடுத்துவிடும்; ஹாஸ்கெலில் எதையும் தொடாது; எலிக்சரில் தொடக்க மதிப்பைப் பதியும். ஒரு சொல், நான்கு நடத்தை! என் பார்வையில் ஹாஸ்கெலின் பெயர்கள் மேல். இருந்தால் மட்டும் திருத்துவதற்கு ‘அட்ஜஸ்ட்’, இல்லாவிட்டால் சேர்ப்பதற்கு ‘இன்சர்ட்வித்’. இரண்டும் போதாவிட்டால் ‘ஆல்டர்’. இருக்கிறதா இல்லையா என்பதையே ஃபங்ஷனிடம் ஒப்படைத்து, வைப்பதா நீக்குவதா என்ற முடிவையும் அதனிடமே விட்டுவிடும். ஆனால் ஹாஸ்கெலின் வகைமுறை தொடக்கநிலை மாணவருக்குக் கனமானது. அந்த விஷயத்தில் எலிக்சர்தான் இலகு.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். நிபந்தனை பதிவேட்டுக்கு வெளியே இருந்தால், உதாரணமாக ‘ஆசிரியர் சரிபார்த்திருந்தால் மட்டும் கூட்டு’ என்றால், மாணவர்கள் ‘இஃப்’ போடுவார்கள், ‘எல்ஸ்’ போட மறந்துவிடுவார்கள். எலிக்சரில் ‘இஃப்’-உம் ஒரு விடையைத் தரும். நிபந்தனை பொய்யாகி ‘எல்ஸ்’-உம் இல்லையென்றால் விடை ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை. அந்த விடையையே பதிவேட்டின் பெயரில் வைத்துக்கொண்டால் மொத்த வகுப்பின் பதிவும் கையைவிட்டுப் போகும். இதற்குச் சிறிய ஃபங்ஷன் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். சரிபார்த்திருந்தால் கூட்டிய பதிவேடு, இல்லையென்றால் வந்த பதிவேடே திரும்பட்டும். இரண்டு வழியிலும் பதிவேடுதான் வெளியே வரும்.

மொத்தத்தில் எலிக்சரின் மேப் தொகுப்பு நல்ல பாடக்கருவி. பெயர்களை மட்டும் நம்பிப் பாடம் நடத்தக்கூடாது. நிரல் எழுதுவதற்கு முன்னால் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுங்கள். ‘பெயர் இருந்தால் என்ன? இல்லாவிட்டால் என்ன?’ என்று இரண்டு கட்டம். அதை நிரப்பிய பிறகு கருவியைத் தேடட்டும். எழுதி முடித்த நிரலை காலிப் பதிவேட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மதியின் தொலைந்த புத்தகம் அங்கேயே தெரிந்துவிடும்.