பல்லைப் பிடித்துப் பார்க்காத தரகு

லிங்க் கொடுத்து, அதன் வழியாக விற்றால் கமிஷன் வாங்கும் அஃபிலியேட் மார்க்கெட்டிங்கைப் பற்றி யாராவது முகம் சுளித்தால் உடனே ஒரு பதில் வருகிறது: இதில் புதிதாக என்ன இருக்கிறது, மாட்டுச் சந்தையில் தரகர் செய்ததைத்தானே இன்றைக்குப் பையன்கள் செல்போனில் செய்கிறார்கள்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் மண்வாசனை தடவிக் கொடுத்தால் எதையும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. ‘முதலீடே இல்லாமல் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களுக்கும் இந்தத் தரகர் உவமை வசதியாக இருக்கிறது. அவர்களே எடுத்துக் கொடுத்த உவமை. அதை வைத்தே பேசிவிடலாம்.

கொடுக்க வேண்டிய நற்சான்றை முதலில் கொடுத்துவிடுகிறேன். விற்றால் மட்டும் பணம் என்ற ஏற்பாடு நியாயமானது. 1996-ல் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, புத்தகங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த சாதாரண ஆட்களுக்கும் அதனால் ஒரு சிறு வருமானம் வந்தது. 2011-ல் பிரையன் லாம் தொடங்கிய வயர்கட்டர் என்ற இணையதளம், பொருள்களை உண்மையாகவே சோதித்து எழுதி, இதே கமிஷனில் வளர்ந்தது; 2016-ல் நியூயார்க் டைம்ஸ் அதை ஏறத்தாழ மூன்று கோடி டாலருக்கு வாங்கியது. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் சில ஆயிரம் வருவதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. இவ்வளவும் சரி.

இப்போது தரகருக்கு வருவோம். பொள்ளாச்சியிலோ மணப்பாறையிலோ தரகு பேசுகிறவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும்போது சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. ஆனால் தரகருக்குக் கூலி உண்டென்பது வாங்குகிறவர், விற்கிறவர் இருவருக்குமே தெரியும். அவர் பொய்யே சொல்லமாட்டார் என்றில்லை. சொல்வார். ஆனால் அடுத்த வாரமும் அதே சந்தைக்கு வந்தாக வேண்டும். மாடு உதைத்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது வாங்கியவருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் காட்டிய அந்த மாடு கைமாறினால்தான் அவருக்குத் தரகு.

லிங்க் வியாபாரத்தில் இந்தக் கடைசி நிபந்தனையே கிடையாது. அமேசானின் அமெரிக்கத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொடுத்த லிங்கை நீங்கள் தொட்டதும் உங்கள் பிரவுசரில், அனுப்பியது யார் என்று குறித்துவைக்கும் ஒரு குக்கீ போய் உட்காருகிறது. அடுத்த 24 மணி நேரத்துக்குள் நீங்கள் வாங்குகிற தகுதியுள்ள எந்தப் பொருளுக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு. கிரைண்டரைப் பற்றிப் படித்துவிட்டுப் போய் செருப்பு வாங்கினாலும் சரி. அவர் கிரைண்டரைப் பற்றி எழுதியது சரியா தவறா என்று யாரும் கேட்கப்போவதில்லை. சந்தை வாசலில் நின்று உள்ளே ஆள் அனுப்பியதற்குத்தான் காசு.

இப்படி ஓர் ஏற்பாட்டில் புதியவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? கமிஷன் அதிகமுள்ள துறையைப் பிடி. ‘டாப் 10’ பட்டியல் போடு. கம்பெனி கொடுத்த விவரத்தையும் வாங்கியவர்கள் எழுதிய நட்சத்திர விமர்சனங்களையும் கலந்து உன் நடையில் எழுது. இப்போது அந்த நடையைக்கூட ஏ.ஐ. தந்துவிடுகிறது. பொருளை வாங்கிப் பார், ஆறு மாதம் புழங்கிப் பார் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவும் முடியாது. பத்து கிரைண்டரை வாங்கி உளுந்து போட்டு ஆட்டிப் பார்க்கப் பணம் வேண்டும். ‘முதலீடே இல்லை’ என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சோதிக்காமல் விட்டதிலிருந்து வந்தது. தொழிலின் கவர்ச்சியும் அதன் பொய்யும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

கிரைண்டரையே தொடர்கிறேன். டில்டிங் வாங்குவதா, டேபிள் டாப் வாங்குவதா என்று ஒரு பெண்மணி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டிய விவரங்கள் மிகவும் எளியவை. கல்லைத் தூக்கிக் கழுவும்போது கை வலிக்குமா? காலை ஆறு மணிக்கு ஓடவிட்டால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா? பழுதானால் பார்க்க ஊரில் ஆள் உண்டா? இவை எதுவும் கம்பெனியின் விவரப் பட்டியலில் இருக்காது. அங்கே இருப்பது வாட்ஸ், லிட்டர், வாரண்டி. பட்டியலைப் பார்த்து எழுதுகிறவரும் வாட்ஸையும் லிட்டரையும் வாரண்டியையும்தான் அட்டவணை போட்டுக் கொடுப்பார். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டிருந்தால், ‘இருக்கிற கிரைண்டருக்கு பெல்ட்டை மாத்து, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், எதுக்கு வீண் செலவு’ என்றிருப்பார்.

என் நெடுநாள் மனத்தாங்கல் அந்த அக்காவின் பதிலில்தான் இருக்கிறது. அதற்குக் கமிஷன் கிடையாது. வாங்காதே, பழுது பார், பொறுத்திரு, இரவல் கேள் என்பவைதான் பல நேரங்களில் ஒரு வீட்டுக்குச் சொல்லத்தக்க நல்ல யோசனை. அவற்றில் ஒன்றுகூட லிங்க் ஆகாது. பெயர் நிலைத்த, சம்பளம் வாங்குகிற வயர்கட்டர் எழுத்தாளர் ‘இது வேண்டாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். முதல் ஆயிரம் ரூபாய்க்காகக் காத்திருக்கும் புதியவரால் முடியாது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல்லை வாயிலிருந்து பிடுங்கிவிட்ட பிறகு அவர் செய்வதை விமர்சனம் என்று அழைப்பது விமர்சனத்துக்கு அவமானம். தள்ளுபடி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா, சித்தி என்று பாராமல் லிங்க் அனுப்புகிறவரைப் பார்க்கும்போது, முதலீடு இல்லை என்பதும் பொய்யாகிவிடுகிறது. உறவுக்காரர்களின் நம்பிக்கையைத்தான் அவர் முதலாகப் போட்டிருக்கிறார், அவர்களுக்குத் தெரியாமல்.

கிரைண்டரோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கமிஷனைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுக்கிறவர் மளிகைச் சாமானில் நிற்பதில்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் மளிகைக்கான கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகவும், மேசை நாற்காலி வகையறாவுக்கு 8-லிருந்து 3 ஆகவும் ஒரே அறிவிப்பில் குறைத்தது. வருடக்கணக்கில் உழைத்தவர்களின் வருமானம் அதோடு சுருங்கியது. எனவே கை தானாகவே கிரெடிட் கார்டு, டீமேட் கணக்கு, கடன் செயலி என்று போகிறது. அங்கே ஓர் ஆளைச் சேர்த்தால் இவ்வளவு என்று மொத்தமாகத் தருவார்கள். பங்குச் சந்தையே தெரியாதவர் டீமேட் கணக்கு திறக்க வழிகாட்டுகிறார். பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர்களோடு தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி விதி கொண்டுவந்ததற்கு இந்தக் கூட்டமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னும் மேலே ஏறினால், கமிஷன் கொழுத்த சரக்கு எது தெரியுமா? அஃபிலியேட் மார்க்கெட்டிங் சொல்லித்தரும் வகுப்பு. அதை வாங்கியவர் அதையே அடுத்தவருக்கு விற்று, பாதிக்கு மேல்கூடக் கமிஷன் எடுக்கலாம். ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் கொண்ட பிரமிடு திட்டங்களை 2021 டிசம்பரின் நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. இவர்கள் ஆளைச் சேர்க்கவில்லை, கல்வியை விற்கிறார்களாம்.

நேர்மையாக உழைத்தவருக்காவது கூலி நிச்சயமா என்றால் அதுவும் இல்லை. கடைசியாக எந்த லிங்க் தொடப்பட்டதோ அதற்கே கமிஷன் என்பதுதான் தொழிலின் பொது வழக்கம். பேபால் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஹனி என்ற கூப்பன் தேடும் கருவி, பணம் கட்டும் கடைசி நொடியில் யூடியூபர்களின் குக்கீயை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்கிறது என்று 2024 டிசம்பரில் குற்றச்சாட்டு எழுந்து வழக்குகளானது. தொழிலின் வழக்கப்படிதான் நடந்தோம் என்பது நிறுவனத்தின் பதில். அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகமில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட குறிப்பும் பணத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ‘இது அஃபிலியேட் லிங்க்’ என்று ஒரு வரி போட்டதும் கடமை முடிந்துவிடுகிறது. கமிஷன் உண்டென்று அந்த வரி சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. கமிஷன் தராததால் பட்டியலில் இடம் பெறாத பொருள் எது என்றும் சொல்லாது.

எவ்வளவு என்று சொல்லவைப்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் முகவருக்கு எவ்வளவு கமிஷன் போயிற்று என்பதை முதலீட்டாளரின் அரையாண்டுக் கணக்கு அறிக்கையில் ரூபாயில் காட்ட வேண்டும் என்று செபி உத்தரவிட்டு, 2016 அக்டோபரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. லிங்குக்குப் பக்கத்திலும் அதே போல் எழுதட்டும்: நீங்கள் இதை வாங்கினால் எனக்கு இத்தனை ரூபாய், இந்தப் பொருளை நான் இத்தனை மாதம் பயன்படுத்தியிருக்கிறேன், அல்லது கையால் தொட்டதே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர் இதை எழுதிவிட்டுத் தொடங்கட்டும். எழுதக் கூசினால் வேறு வேலை தேடட்டும். அந்த விதி வரும்வரை, ‘டாப் 10’ பட்டியல் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள் அதில் இல்லாத பதினோராவது பொருளையும் ஒருமுறை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.