குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு விளக்கு

எஸ்.எக்ஸ். 460 என்று சொன்னால் போதும், ஜெனரேட்டர் மெக்கானிக் யாரும் மேற்கொண்டு விவரம் கேட்க மாட்டார். ஸ்டாம்ஃபோர்டு ஆல்டர்நேட்டருக்காக வந்த, வோல்டேஜை நிலையாகப் பிடித்து வைக்கும் ஏ.வி.ஆர். கார்டு அது. இன்று அதே அச்சில் வார்த்த நகல்கள் எல்லா எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கின்றன. இங்கே நான் எழுதுவது பெட்டியில் பெயர்கூட இல்லாத அப்படியொரு நகலைப் பற்றி. செட்டிகுளத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் உறவினரின் 15 கே.வி.ஏ. ஜென்செட்டில் அதை மாட்டினோம். மலைமேல் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணிக்குப் பங்குனி உத்திரம் நடந்த நாட்களில் சீரியல் செட்டும் ஆம்ப்ளிஃபயரும், திருவிழா முடிந்த பிறகு வெங்காயக் காட்டுக் கிணற்று மோட்டாரும் அதன் தயவில்தான் ஓடின.

அதிகபட்சம் 90 வோல்ட் டி.சி., தொடர்ந்து 4 ஆம்பியர் என்பதெல்லாம் டேட்டா ஷீட் சமாச்சாரம், விடுங்கள். மாட்டுவதும் பெரிய வேலையில்லை. ஆல்டர்நேட்டரிலிருந்து வரும் இரண்டு ஒயர் 7-க்கும் 8-க்கும் போகும். எக்ஸைட்டர் ஃபீல்டுக்குப் போகும் இரண்டு ஒயர் எக்ஸ், டபுள் எக்ஸ். எக்ஸ்தான் பிளஸ். ஃப்ரீக்வன்ஸி லிங்க் 50-ல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 60-ல் கிடந்தால், கார்டு நம்முடைய 50-ஐக் குறைந்த வேகமென்று எண்ணி வோல்டேஜை முழுதாக ஏற்றாது. ரொம்ப நாள் சும்மா கிடந்த செட் என்றால் காந்தம் வற்றியிருக்கும். கார்டு விழித்துக்கொள்ள அதன் முனையில் 4 வோல்ட்டாவது வர வேண்டும். வராவிட்டால் ஃபீல்டு ஒயர்களைக் கார்டிலிருந்து கழற்றி, 12 வோல்ட் பேட்டரியை ஒரு டயோடு வழியாகக் காட்டி உசுப்பிவிட வேண்டும்.

கார்டில் மூன்று திருகுகள்: வோல்ட்ஸ், ஸ்டெபிலிட்டி, குறைந்த வேக எல்லையை வைக்கும் யு.எஃப்.ஆர்.ஓ. பக்கத்தில் மிளகளவு ஒரு சிவப்பு விளக்கு. இந்த விமர்சனமே அந்த விளக்குக்காகத்தான்.

இன்ஜின் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் அது எரியும். 50 சைக்கிளில் 95 சதவீதம், அதாவது 47.5 சைக்கிள். நாலு போல் ஆல்டர்நேட்டரில் அது 1,425 ஆர்.பி.எம். அதற்கும் கீழே வேகம் போனால், 230 வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும் வேலையைக் கார்டு விட்டுவிடும். வேகத்தோடு சேர்த்து வோல்டேஜையும் இறக்கிவிடும். குறைந்த வேகத்தில் 230-ஐ விடாமல் பிடித்தால் ஃபீல்டு கரண்ட் ஏறும், எக்ஸைட்டர் காயில் சூடேறும், ஏற்கெனவே மூச்சு வாங்கும் இன்ஜினுக்கும் சுமை குறையாது. கிணற்று மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரில் தட்டும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். விளக்கு ஒரு கணம் மின்னும், வோல்டேஜ் இறங்கும், இன்ஜின் மூச்சைப் பிடித்து எழும், விளக்கு அணையும். கைக்குள் அடங்கும் கார்டுக்கு இந்த விவேகம் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், லிங்க்கும் யு.எஃப்.ஆர்.ஓ. திருகும் சரியாக இருக்கும்பட்சத்தில், குற்றவாளி கார்டு அல்ல. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், லோடு அதிகமாகியிருக்கலாம். ஆனால் ஊரில் நடப்பது என்ன? “வோல்டேஜ் வரலண்ணே” என்று போன் போகும். வருகிறவர் ஆர்.பி.எம். பார்க்க மாட்டார், ஃப்ரீக்வன்ஸி மீட்டரைத் திரும்பியும் பார்க்க மாட்டார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வோல்ட்ஸ் திருகை வலப்பக்கம் ஒரு திருப்பு திருப்புவார். “இப்ப பாருங்க தம்பி!” பல்பு பளிச்சென்று எரியும், எல்லோருக்கும் சந்தோஷம்.

கணக்கு மட்டும் இடிக்கும். லோடில் இன்ஜின் 44 சைக்கிளுக்கு இறங்கியிருந்தால், வேகத்தின் விகிதத்திலேயே இறங்குவதாக வைத்துக்கொண்டாலும் வோல்டேஜ் 213 வாக்கில் நிற்கும். அங்கேயே வைத்து 230-க்குத் திருகினால், லோடு குறைந்து வேகம் மீண்டதும் அது 248-ஐத் தொடும். தேர் நிலைக்கு வந்து மைக் செட்டை நிறுத்திய பிறகு, மிச்சமிருக்கும் எல்.இ.டி. டிரைவர்களில் மலிவானவை ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கலாம். பழி கார்டு மேல் விழும். நல்ல கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவார்கள். ஃபில்டர் அப்படியே கிடக்கும்.

எனவே முதலில் கவர்னர். மெக்கானிக்கல் கவர்னர் உள்ள செட்டை லோடு இல்லாமல் 52 சைக்கிளில் வைத்தால் முழு லோடில் 50 வாக்கில் வந்து நிற்கும். அதன் பிறகுதான் வோல்ட்ஸ் திருகில் கை வைக்க வேண்டும். இடக்கோடி வரை திருப்பிவிட்டு, மீட்டரைப் பார்த்தபடி மெதுவாக ஏற்றி, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வந்ததும் நிறுத்துங்கள். உள்ளே கைவிடும் இடத்தில் முழு கரண்ட் ஓடுகிறது. கைப்பிடிக்கு நல்ல இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூ டிரைவர் மட்டும்.

ஸ்டெபிலிட்டி திருகைக் குண்டு பல்பு காலத்தில் யாரும் சீண்டியதில்லை. வோல்டேஜ் லேசாக ஆடினாலும் இழையின் சூடு அதை மறைத்துவிடும். எல்.இ.டி. சீரியல் செட்டில் மறைக்க வழியில்லை. இந்த நகல் கார்டு வந்த நிலையில் மாட்டியபோது கோபுர அலங்காரம் முழுக்க நடுங்கியது. வலப்பக்கம் திருப்பத் திருப்ப ஆட்டம் அடங்கியது. அதற்காகக் கோடிவரை போய்விடக் கூடாது. போனால் மோட்டார் தட்டிய பிறகு வோல்டேஜ் மீண்டு வரச் சோம்பும். ஆட்டம் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டோம்.

நகலில் குறைகள் இல்லாமலில்லை. திருகுகள் தொட்டாலே வழுக்குகின்றன. பின்பக்கம் முழுக்க ரெசின் ஊற்றியிருப்பதால் ஒரு தைரிஸ்டர் போனாலும் மொத்தக் கார்டும் குப்பைதான். எனக்கு ஆறாத எரிச்சல் வேறொன்று. இந்த விளக்கு இருப்பது டெர்மினல் பெட்டிக்குள், நாலு போல்ட் போட்ட மூடிக்குப் பின்னால்! ஒரிஜினலிலும் அதே கதைதான். ஓடும் செட்டில் மூடியைக் கழற்றினால்தான் குற்றவாளி யாரென்று தெரியும். இதை வரைந்த எஞ்சினியர் எந்தத் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் ஓட்டியிருக்க மாட்டார். வேறு வழியில்லாமல் பேனலில் ஒரு டிஜிட்டல் ஃப்ரீக்வன்ஸி மீட்டரைப் பதித்து, அதன் பக்கத்தில் 47.5 என்று சிவப்பு மையில் எழுதி வைத்தோம்.

தினமும் ஓடும் செட்டுக்கு ஒரிஜினலே வாங்குங்கள். திருவிழாவுக்கும் கரண்ட் கட்டுக்கும் மட்டும் எழுப்பும் செட்டுக்கு இந்த நகல் தாராளம். ஒன்றை மாட்டி இன்னொன்றை டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். 1, 2 என்ற முனைகளில் வெளித்திருகு ஒன்றைச் சேர்த்துப் பேனலிலிருந்தே வோல்டேஜை மாற்றும் வசதியும் இருக்கிறது. நாங்கள் சேர்க்கவில்லை, லிங்க் போட்டு மூடிவிட்டோம். திருகு வெளியே இருந்தால் சீரியல் செட் கட்ட வரும் பையன் வரைக்கும் அதைத் திருகிப் பார்ப்பான்.