வில்லனுக்காகச் செத்துப்போகிற பெண்கள்

சண்டைக் கதைகளில் வில்லனை எழுதும் இடத்தில்தான் அந்தக் கதையின் அரசியல் வெளியே தெரியும். யாருடைய கோபத்துக்குக் காரணம் சொல்கிறார்கள், யாருடைய கோபத்தைத் திமிர் என்று ஒதுக்குகிறார்கள், யாருடைய சாவை இன்னொருவரின் கோபத்துக்கு எரிபொருளாக ஊற்றுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

டோல்கேட்டில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள். பாதிக்குமேல் பெண் பிள்ளைகள். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்த பிறகு, அவர்களுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தது. கதாநாயகன் தஞ்சிரோவின் முகமாக இருக்கும் என்று பார்த்தால், அது வில்லன் அகாசா. ஏன் அவனை வரைகிறீர்கள் என்று கேட்டேன். “அவன் பொம்பளைங்க மேல கை வைக்க மாட்டான்க்கா. அதான் கெத்து” என்றாள் ஒருத்தி. “பாவம்க்கா, அவனுக்குப் பெரிய ஃப்ளாஷ்பேக் இருக்கு” என்றாள் இன்னொருத்தி.

கெத்து, பாவம். இந்த இரண்டு சொற்களையும் பிள்ளைகளுக்கு அனிமே கற்றுத்தரவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஒருவனை அளக்க, தெருவில் ஏற்கெனவே புழங்குகிற அளவுகோலை எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த அளவுகோலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அகாசா நன்றாக எழுதப்பட்ட வில்லன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020இல் வந்த ‘முகென் டிரெயின்’ படத்தில், பிள்ளைகள் உயிரையே வைத்திருந்த ரெங்கோக்குவைக் கொன்றவன் அவன். பலவீனமானவர்களைக் கண்டாலே அவனுக்கு அருவருப்பு. ஏன் என்பது பிறகு தெரிகிறது. மனிதனாக இருந்தபோது அவன் பெயர் ஹக்குஜி. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடியவன். மகன் தனக்காகத் திருடுவதைத் தாங்காமல் அப்பா தூக்கில் தொங்குகிறார். பிறகு ஒரு தற்காப்புக்கலை ஆசான் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். அவருடைய நோயாளி மகள் கொயுகியை அவன் பார்த்துக்கொள்கிறான். இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. போட்டிப் பள்ளிக்காரர்கள் கிணற்றில் நஞ்சைக் கலக்க, ஆசானும் கொயுகியும் செத்துப்போகிறார்கள். ஹக்குஜி வெறும் கையால் 67 பேரைக் கொல்கிறான். அதன் பிறகுதான் முசான் அவனை அரக்கனாக்குகிறான்.

தன்னால் யாரையும் காப்பாற்ற முடியாமல் போன அவமானம்தான், காப்பாற்றப்பட வேண்டியவர்கள் மீதான வெறுப்பாகத் திரிந்திருக்கிறது. வில்லனின் கொள்கை அவனுடைய புண்ணிலிருந்தே முளைக்கிறது. இது பெரிய எழுத்து.

ஆனால் கொயுகி யார்? கதை முழுக்க அவள் படுத்திருக்கிறாள், நன்றி சொல்கிறாள், சாகிறாள். செத்த பிறகும் அவளுக்கு ஓய்வில்லை. நூற்றாண்டுகள் கழித்து, தலை போன பின்னும் சண்டையை விடாத அகாசாவை நிறுத்துவதற்கு அவள்தான் நினைவிலிருந்து எழுந்து வர வேண்டியிருக்கிறது. வந்து, அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் கொன்றவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருக்குமா என்று கதை கேட்பதில்லை. மன்னிப்பதற்காகவே பிறந்து, மன்னிப்பதற்காகவே செத்தவள் அவள்.

இங்கே ‘கெத்து’க்கு வருகிறேன். அகாசா பெண்களைத் தின்பதில்லை. அது அவனுடைய கட்டுப்பாடு. வடசென்னையில் எந்தப் பழைய ரவுடியைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “பொம்பள விஷயத்துல அவன் சுத்தம்” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அந்த ஒரு வரியில் மற்ற எல்லா ரத்தமும் கழுவப்பட்டுவிடும். கொல்லப்பட்டவனுக்கும் ஒரு மனைவியும் அம்மாவும் இருந்திருப்பார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வராது. பெண்ணைத் தொடாதவன் என்கிற பெருமை, பெண்ணைச் சண்டைக்குச் சமமானவளாகவும் எண்ணாத பெருமை.

‘பாவம்’ இன்னும் ஆபத்தானது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பற்றி, “சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டவன், நீதான் பொறுத்துப் போகணும்” என்று மாமியார் சொல்லாத வீடு எது? ஃப்ளாஷ்பேக் எப்போதும் ஆணுக்குத்தான் இருக்கிறது. அதைக் கேட்டு மனமிரங்கும் வேலை பெண்ணுக்கு. அடி வாங்குகிறவளுக்கும் ஒரு சின்ன வயது இருந்ததே, அதை யார் கேட்டார்கள்?

பெண்ணே வில்லியாக வந்தால் இந்தக் கணக்கு மாறுமா? அதே தொடரில் டாக்கி இருக்கிறாள். விலைமகளிர் தெருவின் அடிமட்டத்தில் பிறந்து, ஒரு சாமுராயின் கண்ணைக் குத்தியதற்காக உயிரோடு கொளுத்தப்பட்டவள். இதைவிட வலுவான காரணம் ஒரு வில்லிக்கு வேண்டுமா? ஆனால் அவள் தலை வெட்டப்பட்டதும் குழந்தைபோல் அழுகிறாள். அவள் உடம்புக்குள்ளிருந்து அண்ணன் க்யுதாரோ வெளியே வருகிறான். அதன்பின் சண்டையும் துயரமும் அவனுடையவை. வில்லி பாதியிலேயே தங்கச்சியாகிவிடுகிறாள்.

நம் சினிமாவின் பெரிய வில்லி நீலாம்பரி. 1999இல் வந்த ‘படையப்பா’வில் ரம்யா கிருஷ்ணன் ரஜினிகாந்துக்கு நிகராக நின்றார், இன்றும் எங்கள் பக்கம் திமிரான பெண்ணுக்கு அந்தப் பெயர்தான். அவள் செய்த முதல் குற்றம் என்ன? ஒருவனை விரும்பி, அதை வாய்விட்டுச் சொன்னது. அதற்குப் பதிலாக, பொம்பளை எப்படி இருக்க வேண்டும் என்ற பாடம் கிடைக்கிறது. 18 ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடக்கிறாள். அகாசாவின் வலி நமக்கு உள்ளிருந்து காட்டப்பட்டது. நீலாம்பரியின் 18 ஆண்டுகளைக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். அவளை மறக்க முடியாதபடி செய்தது நடிகையின் ஆற்றல். கதை அவளுக்குத் துப்பாக்கியைத்தான் கொடுத்தது, அதையும் தன்னையே சுட்டுக்கொள்ள.

எங்கள் பகுதியின் கதையைச் சொன்ன ‘வடசென்னை’க்கு வந்தால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. 2018இல் வெற்றிமாறன் எடுத்த அந்தப் படத்தில் ஆண்ட்ரியா நடித்த சந்திராவை யாரும் வில்லி என்று சொல்வதில்லை. ஆனால் குணாவின் பக்கமிருந்தோ செந்திலின் பக்கமிருந்தோ பார்த்தால் அவளைவிடப் பயங்கரமான எதிரி கிடையாது. கணவன் ராஜனைக் கொன்றவர்களில் ஒருவனான குணாவையே மணந்து, அவன் வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்து, கொன்றவர்களை ஒருவருக்கொருவர் மோதவிடக் காத்திருக்கிறாள். அதற்கு அன்புவின் வாழ்க்கையையும் காயாக நகர்த்துகிறாள். படத்தின் பெரும்பகுதியில் அவள் அந்த வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணாகவே தெரிகிறாள். சதி பேசுகிற ஆண்கள் அவளைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்கள் எடுக்காத அந்தக் கணக்குதான் அவளுடைய ஆயுதம்.

இங்கே செத்தவன் ஆண். அந்தச் சாவைச் சுமந்து நடக்கிறவள் பெண். அவள் நல்லவளாக இருந்தாக வேண்டும் என்று படம் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் வந்து கட்டிக்கொண்டு அவளை ஆற்றவும் இல்லை. குறை இல்லாமலில்லை: அவளுடைய கோபம் கணவனிடமிருந்து தொடங்கிக் கணவனிடமே முடிகிறது. ராஜன் எதிர்த்து நின்றது குப்பத்தைக் காலி செய்யும் திட்டத்தை. அந்தக் குப்பம் அவளுக்கும் ஊர்தானே? மண்ணுக்கான கோபத்தைப் படம் ராஜனுக்கும் அன்புவுக்கும் தந்துவிட்டு, பழிக்கான கோபத்தை மட்டும் அவளுக்கு விட்டுவைக்கிறது.

அந்தக் குறை இல்லாத ஒருத்தியை 1997இலேயே மியாசாகி எழுதிவிட்டார். ‘பிரின்சஸ் மோனோனோகே’வில் வரும் எபோஷி ஓர் இரும்பு உலை நகரத்தை நடத்துகிறாள். விலைமகளிர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டுக் கூட்டிவந்து உலைத் துருத்தியை மிதிக்கும் வேலை தருகிறாள். தொழுநோயாளிகளின் புண்ணை அருவருக்காமல் துடைத்து, அவர்களைத் துப்பாக்கி செய்யும் கைவினைஞர்களாக்குகிறாள். அதே கையால் காட்டை எரிக்கிறாள், காட்டுத் தெய்வத்தின் தலையைச் சுட்டு வீழ்த்துகிறாள். செத்துப்போன காதலன் என்ற ஃப்ளாஷ்பேக் அவளுக்கு இல்லை. அவளுக்கு இருப்பது ஒரு திட்டம். அதில் நியாயமும் நாசமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. முடிவில் ஒரு கையை இழக்கிறாள், சாகவில்லை. பிழைத்தவர்களை வைத்து நல்ல ஊராகக் கட்டத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எபோஷியை டோல்கேட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கரையோரம் அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இந்தக் கடற்கரையில் சோறு போடும் கம்பெனியும் மூச்சை அடைக்கும் கம்பெனியும் ஒன்றாகவே இருக்க முடியும். இதை ஒரு முகமாக்கி, அந்த முகத்தோடு நம்மை வாதாட வைத்த வில்லி எபோஷி. அவளை வெறுத்துவிடவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது.

நல்ல வில்லனுக்கு இதுதான் என் அளவுகோல். அவனுடைய காரணம் நமக்குப் புரிய வேண்டும், ஆனால் அந்தப் புரிதலை மன்னிப்பாக நம்மிடம் கேட்கக் கூடாது. அவனுடைய ஆழத்துக்காக ஒரு பெண்ணைக் கொன்று புதைத்திருந்தால், அவளும் பேசியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் அகாசாவை வரையட்டும். அவனுடைய நீலக் கோடுகள் உண்மையிலேயே அழகானவை. போன வாரம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: அவன் கதையை கொயுகி சொல்வதாக ஒரு பக்கம் எழுத வேண்டும். அகாசாவைக் ‘கெத்து’ என்று சொன்ன பிள்ளை ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: “அவர் யாரை எல்லாம் கொன்னாருன்னு ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?”