ஓவியரின் துயரமும் ஓவியத்தின் உழைப்பும்

தன்னையே அழித்துக்கொண்ட ஓவியர் என்றதும் பலர் மனக்கண்ணில் தோன்றும் உருவத்தை வார்த்துக் கொடுத்ததில், 1956ஆம் ஆண்டு வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்திற்குப் பெரும்பங்கு உண்டு. இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய நாவலைத் தழுவிய இப்படம், டச்சு ஓவியர் வான்காவின் வாழ்வைக் கூறுவது. வான்காவாகக் கிர்க் டக்ளஸ் உருகி நடித்துள்ளார். (ஆஸ்கர் விருது பெற்றவர் அவரல்லர், சிறிது நேரமே வந்துபோகும் கோகன் வேடத்தில் நடித்த அந்தோணி குவின்.)

படத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. ஓவியர் வாழ்ந்த ஊர்களிலேயே பல காட்சிகள் எடுக்கப்பட்டுள்ளன. மூல ஓவியங்கள் திரையை நிறைக்கின்றன. ஆயினும் முடிவை நெருங்குகையில் கதை உண்மையை விட்டு விலகுகிறது. கோதுமை வயலில் காக்கைகள் சூழ, வெறிகொண்டவராய் அவற்றைத் தீட்டி முடித்த வான்கா உடனே உயிரை மாய்த்துக்கொள்ள முற்படுவதாகப் படம் காட்டுகிறது. வான்காவின் இறுதி ஓவியம் காக்கை வயல் அன்று, மரவேர்களைத் தீட்டிய ஓவியமே என்பது ஆய்வாளர் பலரின் இன்றைய முடிவு. அவ்வேர்கள் இருந்த சாலையோரச் சரிவையும் 2020இல் அடையாளம் கண்டுள்ளனர். கரிய பறவைகள் நாடகத்திற்கு உதவும், வேர்கள் உதவா. எனவே நாடகம் பறவைகளைத் தேர்ந்துகொண்டது.

இது சிறு பிழையன்று. நோயே ஓவியத்தைத் தீட்டிற்று என்னும் கருத்து இதனால் பார்ப்பவர் நெஞ்சில் வேரூன்றுகிறது. உண்மை வேறு. நோய் கடுமையாகத் தாக்கிய நாள்களில் பெரும்பாலும் வான்காவால் தூரிகையைத் தொட இயலவில்லை. தெளிந்த இடைவெளிகளிலேயே அவர் உழைத்தார். சான்ரெமி மருத்துவமனையில் கழித்த ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்கள். ஓவேர் சிற்றூரில் வாழ்ந்த இறுதி 70 நாள்களில் 70க்கும் மேற்பட்டவை. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களைப் புரட்டினால், வண்ணக்குழாயின் விலையும், நீலத்தருகே மஞ்சள் எவ்வாறு ஒளிரும் என்னும் கணக்குமே பக்கம் பக்கமாக விரிகின்றன. இவரையா பித்தர் என்பது?

புக்கிட் தெங்காவின் தமிழ் மாணவர் ஒருவர் இப்படத்தைக் கண்டால் எதை எடுத்துக்கொள்வார்? கெட்டுச் சீரழிந்தால்தான் கலைஞனாகலாம் என்று எண்ணிவிடக் கூடாதே என்னும் அச்சம் ஆசிரியர்க்கு எழுவது இயல்பு.

தமிழ்நாட்டிலும் இத்தகைய வாழ்வொன்று உண்டு. சென்னை ஓவியர் கே. இராமானுஜம் 1940இல் பிறந்தவர். அரசு கலைக்கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தார். ஓவியர்கள் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தால் எழுந்த கிராமம் அது. (பத்திக் என்றால் பினாங்கு வாசகர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை.) மனநோயால் அல்லலுற்ற இராமானுஜம் 1973இல், 33ஆம் வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இவரைக் கருவாக்கி எழுத்தாளர் சி. மோகன் ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ என்னும் நாவலைப் படைத்துள்ளார்.

இராமானுஜத்தின் கோட்டோவியங்களைக் காண்போர் முதலில் உணர்வது துயரத்தை அன்று, பொறுமையை. கோபுரங்கள், மாடங்கள், விந்தை விலங்குகள் என ஒரு கனவு நகரம் முழுவதும் மைக்கோடுகளால் நெருக்கமாக இழைக்கப்பட்டிருக்கிறது. கை நடுங்கிய ஒருவரால் ஒரு மாடத்தைக்கூட இவ்வாறு முடித்திருக்க இயலாது. அந்நகரினூடே தொப்பியணிந்த மனிதர் ஒருவர் பல படங்களில் தென்படுகிறார், அவர் இராமானுஜமேதான். இவரை மேடையேற்ற விழையும் நாடகாசிரியர், சாவைக் காட்டும் காட்சியை எவ்வளவு சுருக்கினாலும் குறையில்லை. ஒரு மாடத்திற்கு எத்தனை கோடுகள் என்று அமர்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, அதன் பின்னர் எழுதத் தொடங்கட்டும்.