கடிதம் எழுதியவரின் குரல்

நாளிதழைக் கையில் எடுத்ததும் வாசகர் கடிதங்களை முதலில் படிப்போர் எந்த நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் அக்கடிதப் பகுதி ஏறத்தாழ ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. அதை நகையாடுவதும் அதன் நிழலிலேயே வளர்ந்தது. அச்சு, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றைக் கடந்து, பாட்காஸ்ட் எனப்படும் வலையொலிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் தம் வட்டார இதழுக்கு எழுதிய கடிதத்தை நகைச்சுவையாளர் இருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வாசிக்கின்றனர். வரிக்கு வரி நிறுத்திச் சிரிக்கின்றனர். கேட்கும் நாமும் சிரிக்கிறோம். எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் கேள்வி.

சிரிப்பதற்குப் பொருள் நிறையவே இருக்கிறது. வெட்டப்பட்ட மரம், நிறுத்தத்தில் நில்லாத பேருந்து, கடைப் பலகையில் இடம் மாறி விழுந்த நிறுத்தக்குறி ஆகியவற்றைப் பற்றி, நாகரிகமே சரிந்து வீழ்கிறது என்னும் தொனியில் ஒருவர் எழுதும்போது, பொருளுக்கும் தொனிக்கும் இடையே விழும் இடைவெளியில் நகை தானே பிறக்கிறது. கென்ட் மாவட்டத்து ஊராகிய டன்பிரிட்ஜ் வெல்ஸ் இவ்வகையில் பழமொழி போலவே ஆகிவிட்டது. ‘வெறுப்புற்றவன், டன்பிரிட்ஜ் வெல்ஸ்’ என்று கையொப்பமிடும் கற்பனை மனிதரை அந்நாட்டார் நன்கு அறிவர். 1978இல் பி.பி.சி. வானொலி, நேயர்களின் கருத்துகளுக்கென்று நடத்திய நிகழ்ச்சிக்கே அக்கையொப்பத்தைப் பெயராகச் சூட்டியது. குறை சொல்ல வருவோரை வாசலிலேயே கேலிப்பெயர் இட்டு வரவேற்பது எவ்வகை விருந்தோம்பலோ நமக்கு விளங்கவில்லை.

ஆயினும், கேலிக்கென்றே புனையப்பட்ட கடிதம் வேறு. மெய்யான கடிதத்தை எடுத்துக் கேலி செய்வது வேறு. 1969இல் தொடங்கிய ‘மான்ட்டி பைத்தான்’ தொலைக்காட்சித் தொடரில், காட்சிகளுக்கு நடுவே சினங்கொண்ட நேயர்களின் கடிதங்கள் வரும். கண்டனம் தெரிவிப்பவர் சில வேளை படைத்துறைப் பட்டம் உடையவர். கண்டிக்கும் வேகத்தில் தம்மையே காட்டிக்கொடுப்பவர். அக்கடிதங்களைப் புனைந்தவர்கள் அத்தொடரின் நடிகர்களே. ஆதலால் அடி ஒரு மனநிலையின்மீது விழுந்தது. எந்த மனிதர்மீதும் விழவில்லை. 1980இல் வெளிவந்த ‘ஹென்றி ரூட் கடிதங்கள்’ திசையையே மாற்றியது. அதன் ஆசிரியர் வில்லியம் டொனால்ட்சன், ஓய்வுபெற்ற மீன் வணிகர் என்ற வேடத்தில், பெரிய மனிதர்களுக்கு அபத்தமான கடிதங்கள் எழுதினார். பலவற்றுடன் ஒரு பவுன் நோட்டையும் இணைத்து அனுப்பினார். வந்த பதில்களையும் சேர்த்து அச்சிட்டார். பணிவும் பசப்பும் கலந்த அப்பதில்களைப் படித்தே நாம் பெரிதும் சிரிக்கிறோம்.

மெய்யான கடிதங்களுள் நாம் மிகவும் விரும்புவது ஒன்று உண்டு. ரிச்சர்ட் லைடெக்கர் பெயர்பெற்ற இயற்கையியலாளர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, சிவாலிக் மலைகளின் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். 1913 பிப்ரவரித் தொடக்கத்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ள தம் தோட்டத்தில் குக்கூக் குயிலின் குரலைக் கேட்டதாக லண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து அப்பறவை இங்கிலாந்து வந்து சேர்வது வழக்கமாக ஏப்ரலில்தான். ஆகவே செய்தி சிறியதன்று. கேட்ட நேரத்தைக் குறித்திருந்தார். உடனிருந்த தோட்ட வேலையாளும் கேட்டார் என்று சான்று காட்டியிருந்தார். ஐயத்துக்கே இடமில்லை என்றும் எழுதியிருந்தார். அறிஞர் ஒருவர் தம் அறிவின்மேல் நிமிர்ந்து நின்று எழுதிய கடிதம் அது.

சில நாட்களில் அவரிடமிருந்தே இரண்டாம் கடிதம் வந்தது. கூவியது குயிலன்று, அக்கம்பக்கத்தில் நடந்த வீட்டு வேலையில் இருந்த சித்தாள் ஒருவர்! எக்கருவியும் இன்றி வாயாலேயே கூவி, மெய்யான குயில்களையும் தொலைவிலிருந்து வரவழைக்க வல்லவராம் அவர். 1976இல் கென்னத் கிரகரி ‘டைம்ஸ்’ இதழின் கடிதங்களைத் தொகுத்தபோது, நூலுக்கு ‘முதல் குயில்’ என்றே பெயரிட்டார்.

நகை பிறக்கும் களன்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அதற்கு உரை கண்ட பேராசிரியர், பிறரைத் தான் எள்ளுவதால் வரும் நகை, பிறர் தன்னை எள்ளும்போது தனக்கே வரும் நகை என அதனை இரண்டாகப் பகுக்கிறார். பின்னது அரிது. லைடெக்கரின் இரண்டாம் கடிதத்தில் வெளிப்படையான சிரிப்பு இல்லை. எனினும் சித்தாளின் திறமையை அவர் விவரிக்கும் வரிகளில் ஒரு புன்முறுவல் ஒளிந்திருப்பதாகவே நமக்குப் படுகிறது. முதற்கடிதம் மட்டும் நகைச்சுவையாளர் கையில் கிடைத்திருந்தால் அவர் ஒரு மூடராகவே நின்றிருப்பார்.

வலையொலியின்மீது நமக்குள்ள மனக்குறை இதனோடு முடிவதில்லை. அச்சிட்ட கடிதத்துக்குக் குரல் கிடையாது. படிப்பவரே தம் மனத்தில் அதற்கு ஒரு குரல் தருகிறார். உரக்க வாசிப்பவரோ ஏதேனும் ஒரு குரலைத் தேர்ந்தாக வேண்டும். மூக்கால் பேசும் கிழவர், கீச்சிடும் மூதாட்டி, நாட்டுப்புறத்தார் என அவர் தேரும் குரலே தீர்ப்பாகிவிடுகிறது. கடிதத்தின் முதற்சொல் வருமுன்னரே வழக்கு முடிந்துவிடுகிறது. வாய் திறந்த மாத்திரத்தில் ஊரும் வகுப்பும் அறியப்படும் இங்கிலாந்தில் இது விளையாட்டுச் செயலன்று. எழுதியவர் தம் பெயரையும் முகவரியையும் இதழுக்குத் தந்து எழுதினார். அவருக்கு வாய்த்த மேடை அது ஒன்றே. பல கடிதங்களுள் அதைத் தேர்ந்தவரும், இடத்துக்கு ஏற்ப வெட்டிச் சுருக்கியவரும் இதழாசிரியரே. ஆயினும் அவரைப் போல எவரும் குரல் மாற்றிப் பேசுவதில்லை. கேலிக்கு அஞ்சி அடுத்த முறை எழுதாமல் விடுபவர் கர்வம் பிடித்தவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பேருந்துக்காக மழையில் நின்ற முதியவராகவும் இருக்கலாம்.

இந்நிகழ்ச்சிகளை நிறுத்திவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எழுதியவரையே அழைத்து வாசிக்கச் சொல்லலாமே. அவர் வர மறுத்தால், வாசிப்பவர் தம் இயல்பான குரலில் வாசிக்கட்டும். லைடெக்கரின் இரு கடிதங்களையும் அவ்வாறு அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். சித்தாள் வந்து நுழையும் இடத்தில் சிரிப்பை அடக்குவது கடினம்.